செகண்ட் ஹேண்ட் சிறகு: பாராகிளைடிங் செட் ஒன்றின் முழுப் பரிசோதனை

பாராகிளைடர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது 'ஏ-யா, பி-யா?' என்றுதான். விங்கின் உள்ளே தைத்திருக்கும் சிறிய துணிச் சீட்டில் அந்த எழுத்து இருக்கும். இஎன் 926 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி சோதித்து ஏ, பி, சி, டி என்ற நான்கில் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். பைலட் தடுமாறினாலும் பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும் விங் ஏ. தடுமாற்றத்திலிருந்து மீட்பதில் நன்கு பழகிய பைலட்டின் கைக்கு மட்டும் அடங்குவது டி. அந்த எழுத்தை நம்பலாம். ஆனால் அது பேசுவது தொழிற்சாலையிலிருந்து வந்த புது விங்கைப் பற்றி. நாலு வருடம் வெயிலும் புழுதியும் தின்ற பிறகு அதே விங் எப்படி இருக்கிறது என்று அந்தச் சீட்டுக்குத் தெரியாது. சோதனைக்கூடம் கொடுத்த எழுத்தைக் காப்பாற்றுவது வைத்திருப்பவரின் வேலை. அந்த வேலை எவ்வளவு, அதை ஒருவர் ஒழுங்காகச் செய்திருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த விமர்சனம்.

செட்டில் என்னென்ன?

ஏ வகுப்பு விங் ஒன்று, முதுகுப் பக்கம் தடித்த ஃபோம் வைத்த ஹார்னஸ், இருக்கைக்கு அடியில் ரிசர்வ் பாராசூட், விங்கையும் ஹார்னஸையும் இணைக்கும் இரண்டு அலுமினிய காராபினர், ஹெல்மெட், ஏற்ற இறக்கம் காட்டும் வேரியோ. எல்லாம் ஒருவர் பறந்துவிட்டு விற்றவை. கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை, அதற்குக் காரணம் உண்டு. ஓசோன் மோஜோ, அட்வான்ஸ் ஆல்ஃபா, ஜின் பொலேரோ, நோவா ப்ரியான் என்று இந்த வகுப்பில் எதை எடுத்தாலும் துணி வருவது பிரான்ஸின் போர்ஷே, கொரியாவின் டொமினிகோ போன்ற சில ஆலைகளிலிருந்துதான். தைக்கிற கை மாறலாம். துணியும் லைனும் மூப்படையும் விதம் மாறுவதில்லை.

பறந்து பார்த்த இடம் ஹிமாச்சலத்தின் காங்ரா மாவட்டத்திலுள்ள பீர்-பில்லிங். 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று ஒன்று நடந்த இடம். பில்லிங் டேக் ஆஃப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. இறங்கும் பீர் ஊர் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே. காற்று துளியும் அசையாத நாளில் இந்த வகுப்பு விங் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கும். கால் மணி நேரத்துக்குள் தரை வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் நின்றாலும் அது தெர்மல், அதாவது மேலெழும் வெப்பக் காற்று, தரும் கொடை.

முதலில் எடை

விங்கின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியது சீட்டில் உள்ள எடை வரம்பு. 75-95 கிலோ என்று போட்டிருந்தால் அது ஆளின் எடை அல்ல. ஆள், உடை, ஷூ, ஹார்னஸ், ரிசர்வ், விங், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்த எடை. 70 கிலோ ஆளுக்கு இந்தச் சாமான்கள் 15 கிலோவுக்கு மேல் சேர்க்கும். ஆக 85-88 கிலோ. மேலே சொன்ன வரம்பில் நடுவுக்குச் சற்று மேல். அதுதான் நல்ல இடம்.

வரம்பின் அடியில் பறந்தால் விங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து மெத்தென்று இருக்கும். கொந்தளிப்பில் ஓரம் மடங்குவது எளிது. வரம்பைத் தாண்டினால் வேகமும் வினையும் கூடி, மடங்கியபின் வெட்டித் திரும்பும் வேகம் ஏ வகுப்புக்குரியதாக இருக்காது. சோதனைக்கூடத்தில் வரம்பின் இரு முனைகளிலும்தான் பறந்து பார்க்கிறார்கள். அதற்கு வெளியே அந்த எழுத்து செல்லாது. 'கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை' என்று விற்பவர் சொன்னால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

காற்றில் எப்படி?

ஏ வகுப்பு அலுப்பூட்டும் என்பது பறக்காதவர்கள் பேச்சு. இந்த விங் தலைக்கு மேல் நேராக ஏறி, முன்னே பாயாமல் நிற்கிறது. கைகளை மேலே விட்டால் மணிக்கு 37 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். காலால் ஸ்பீடு பாரை முழுக்க மிதித்தால் 45-ஐ ஒட்டி வருகிறது. பிரேக்கின் பயணம் நீளம்; விங் தூக்குவிசை இழந்து ஸ்டால் ஆவதற்கு வெகுமுன்பே கையில் கனம் ஏறி எச்சரிக்கிறது. தெர்மலுக்குள் நுழையும்போது மூக்கை மெல்லத் தூக்கி, பிறகு தானே சமன் செய்துகொள்கிறது. ஓரங்களை இழுத்து 'பிக் இயர்ஸ்' போட்டுவிட்டு விட்டால், ஓரிரு நொடியில் பக்கங்கள் தாமாகத் திறக்கின்றன.

இந்தக் கடைசி வாக்கியம் ஒரு பரிசோதனையும்கூட. காதுகள் திறக்கச் சோம்புகிற விங், டேக் ஆஃபில் தலைக்கு மேல் வராமல் பின்னாலேயே தொங்குகிற விங், பிரேக்கைக் கொஞ்சம் இழுத்ததுமே மந்தமாகிற விங் இவை மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள். நோய் துணியில் இருக்கலாம், லைனில் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டிலும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. சோதனைப் பறப்புகள் பெரும்பாலும் ஏரிக்கு மேலே, அமைதியான காற்றில், அதையே தொழிலாகச் செய்பவர்கள் செய்வது. ஸ்விட்சர்லாந்தின் வில்நவ் ஊரிலுள்ள ஏர் டர்க்வாய்ஸ் கூடம் ஜெனீவா ஏரியோரம் இருப்பது அதனால்தான். மடக்கலைப் பைலட்டே திட்டமிட்டு ஏற்படுத்துகிறார். பீருக்கு மேலுள்ள தவுலாதர் மலைச்சரிவில் பிற்பகல் காற்று ஏற்படுத்தும் மடக்கல் அப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வராது. ஏ என்ற எழுத்து விங்கின் குணத்தைச் சொல்கிறதே தவிர, அன்றைய காற்றின் குணத்தை அல்ல.

துணி: வெயில்தான் முதல் எதிரி

விங்கின் துணி ரிப்ஸ்டாப் நைலான். சதுர மீட்டருக்கு 27 முதல் 40 கிராம்வரை. இழைகளுக்கு நடுவே காற்று கசியாதபடி மெல்லிய பூச்சு பூசியிருப்பார்கள். விங் விங்காக இருப்பது அந்தப் பூச்சால். முன்விளிம்பின் வாய்கள் வழியாக நுழையும் காற்று உள்ளே தங்கி அழுத்தம் கொடுக்கும்வரைதான் அதற்கு வடிவம். பூச்சு உதிர உதிரத் துணி காற்றைக் கசியவிடும். மேற்பரப்பில் முன்விளிம்பை ஒட்டிய பகுதிதான் முதலில் போகும். வெயிலும் இழுவிசையும் அங்கேதான் அதிகம்.

புதுத் துணியைக் கசக்கினால் காகிதம்போல் சரசரக்கும். வயதானது சத்தமில்லாமல் மெத்தென்று மடங்கும். மைதானத்தில் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். முழுக்க நைந்த துணியை அது காட்டிக்கொடுக்கும். பாதி நைந்ததைக் காட்டாது. அதற்குப் போரோசிமீட்டர் வேண்டும். துணியை அந்தக் கருவியில் பிடித்து, குறிப்பிட்ட அளவு காற்று அதைத் துளைத்துச் செல்ல எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பார்கள். புதுத் துணியில் இந்த எண் நூற்றுக்கணக்கில் இருக்கும். பத்து, பதினைந்து நொடிக்கு இறங்கிவிட்டால் அந்த விங்கின் பறக்கும் வாழ்வு முடிந்தது. கூடவே பெட்சோமீட்டர் என்ற சின்ன ஸ்பிரிங் தராசு. ஊசியைத் துணியில் குத்தி இழுத்து, எத்தனை கிராமில் கிழிய ஆரம்பிக்கிறது என்று பார்ப்பது. இரண்டும் சேர்ந்து சில நிமிட வேலை. நான் எடுத்த விங்கோடு இந்த எண்கள் எழுதிய தாள் வந்தது. அதனால்தான் அதை எடுத்தேன்.

துணியைக் கெடுப்பவை எவை? விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது முதலாவது. பறக்கும்போது படுகிற வெயிலுக்கு வழியில்லை. தரையில் சும்மா கிடக்கும்போது படுவதை முழுக்கத் தவிர்க்கலாம். காற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் விங்கைக் குவித்து, நிழலில் அல்லது பைக்குள் வைப்பது ஒன்றே அதன் ஆயுளில் ஒரு பருவத்தைக் கூட்டும்.

அடுத்தது தரை. கற்றுக்கொள்கிறவர்கள் கிரவுண்ட் ஹேண்ட்லிங் என்று மணிக்கணக்கில் விங்கைத் தலைக்கு மேல் ஏற்றி இறக்குவார்கள். பயிற்சிக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை. துணிக்கு அதைவிடக் கெட்டதும் இல்லை. கல், முள், காய்ந்த தாள் நிறைந்த மைதானத்தில் ஒரு மணி நேரம், காற்றில் பல மணி நேரத்துக்குச் சமமாகத் தேய்க்கும். முன்விளிம்பு தரையில் படார் என்று அடித்து விழுந்தால் உள்ளே அடைபட்ட காற்று உள்சுவர்களைக் கிழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இறங்கியபின் விங்கைத் தரதரவென்று இழுத்துப் போகாமல், அள்ளிக் குவித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நகருவதுதான் சரி.

மூன்றாவது ஈரம். நனைந்த விங்கை மடித்து மூட்டை கட்டினால் பூஞ்சை வரும், பூச்சும் இளகும். நிழலில், காற்றோட்டத்தில் விரித்துக் காய வைக்க வேண்டும். அழுக்கைத் துடைக்க வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். சோப்பு, பெட்ரோல், வாஷிங் மெஷின் எதுவும் கூடாது. கடலில் இறங்கிவிட்டால் உப்பு படியும் முன் நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும்.

நான்காவதைக் கேட்டால் சிரிப்பீர்கள்: வெட்டுக்கிளி. பீரின் வயல்களில் இறங்கும்போது விங்கின் வாய்க்குள் நாலைந்து தாவிவிடும். அப்படியே மடித்தால், வெளியே வர வழி தேடித் துணியைக் கடிக்கும். செத்துப்போனால் அதன் உடல்சாறு பூச்சை அரிக்கும். தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. மடிப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் உதறிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

லைன்: மில்லிமீட்டரில் இருக்கிறது உயிர்

துணியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். லைனைப் பற்றிக் குறைவு. ஆனால் பழைய விங்கை ஆபத்தாக்குவது பெரும்பாலும் லைன்தான், அதுவும் அறுந்து அல்ல, நீளம் மாறி.

லைன்கள் இரண்டு குலம். அராமிட் வகை நீளம் மாறாமல் இருக்கும். வெயிலும் திரும்பத் திரும்ப மடங்குவதும் அதன் பலத்தைத் தின்னும். டைனீமா வகை மடங்குவதைத் தாங்கும், ஆனால் சுருங்கும். இன்னொரு பலவீனமும் உண்டு: 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே அது உருகிவிடும். ஒரு லைன் இன்னொன்றின் மேல் வேகமாக உரசினாலே அந்தச் சூடு வந்துவிடும்.

விங்கைத் தாங்கும் லைன்கள் முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி என்று வரிசைகளில் தொங்குகின்றன. சுமையின் பெரும்பங்கு முன்வரிசைகளில். ஆகவே ஏ வரிசை எப்போதும் விறைப்பாக இழுபட்டு நீளம் காக்கிறது, சற்று நீளவும் செய்கிறது. சுமை குறைந்த சி வரிசை ஈரமாகிக் காய்ந்து காய்ந்து சுருங்குகிறது. விளைவு, விங்கின் பின்விளிம்பு எப்போதும் கொஞ்சம் கீழே இழுபட்டபடி இருக்கும். கையை முழுக்க மேலே விட்டாலும் பிரேக்கைப் பிடித்தபடி பறப்பதுதான் அது. வேகம் குறைகிறது. ஸ்டால் எல்லை நெருங்குகிறது. இதோடு துணியும் கசிந்தால் பாராசூட்டல் ஸ்டால்: விங் திறந்தபடியே இருக்கும், முன்னே போகாது, அப்படியே கீழே இறங்கும். காதில் காற்றின் இரைச்சல் நின்று, பிரேக் தளர்ந்துபோவதுதான் அடையாளம்.

எத்தனை மாற்றம்வரை பொறுக்கலாம்? தரநிலைப்படி லைனின் நீளம் கையேட்டில் உள்ள அளவிலிருந்து 10 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. ஆறு ஏழு மீட்டர் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர்! அதனால் இந்த அளவீட்டை வீட்டுத் தரையில் டேப் வைத்துச் செய்ய முடியாது. ஒவ்வொரு லைனையும் 5 கிலோ இழுவிசையில் வைத்து லேசரால் அளந்து, ரைசர் பட்டியில் லைன் சேரும் இடத்திலுள்ள வளையத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். இதற்குப் பெயர் ட்ரிம்மிங். கூடவே ஒரு மாதிரி லைனை எடுத்து அறும்வரை இழுத்துப் பார்ப்பார்கள். பல கம்பெனிகள் சொல்லும் கால அளவு இரண்டு வருடம் அல்லது 100 முதல் 150 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது.

இந்தப் பரிசோதனைக்கு நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஹிமாச்சல அரசே விடை வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே பாராகிளைடிங்குக்குத் தடை. அந்த இரண்டு மாதமும் விங் பட்டறையில் இருக்கட்டும். பட்டறையிலிருந்து வாங்கி வரும்போது 'செக் பண்ணியாச்சு' என்ற வாய்ச்சொல் போதாது. போரோசிட்டி எண்கள், லைன் நீளங்கள் திருத்தத்துக்கு முன்னும் பின்னும், அறுபடு சோதனையின் அளவு, தேதி, கையெழுத்து எல்லாம் தாளில் வேண்டும்.

ஹார்னஸும் காராபினரும்

ஹார்னஸ் என்பது நாற்காலி மட்டும் அல்ல; விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ஒரே பொருள். இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. ஏர்பேக் வகை இலகுவானது, மடித்தால் சின்னதாகும். ஆனால் பல மாடல்களில் பறக்கும் வேகத்தில்தான் அது நிரம்பும். டேக் ஆஃபில் காலிடறி உட்கார்ந்துவிட்டால் அப்போது பாதி காலியாக இருக்கலாம். ஃபோம் வகை பருமன், பைக்குள் இடத்தை அடைக்கும். எந்த நொடியிலும் வேலை செய்யும். கற்கும் காலத்தில் நான் ஃபோம் பக்கம். சோதித்த ஹார்னஸின் ஒரே குறை அந்தப் பருமன்தான். பஸ்ஸின் மேல் தட்டில் அது அடங்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பலமாக ஒருமுறை அடிபட்ட ஃபோமைத் திரும்ப நம்பக் கூடாது. அதன் மேலுறை கிழிந்திருந்தால் காற்று சட்டென்று வெளியேறிவிடும். தாங்கும் சக்தி போய்விடும். பழைய ஹார்னஸ் வாங்கும்போது ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்துப் பாருங்கள். பிறகு காலுக்கு இடையே போகும் பட்டியின் தையல், பக்கிளுக்குள் மணல், இருக்கைப் பலகையில் வெடிப்பு.

காராபினர் விலை குறைந்த பொருள். ஆகவே யாரும் நினைப்பதில்லை. அலுமினியம் முன்கூட்டியே வளைந்து எச்சரிக்காது. நுண்ணிய வெடிப்பு உள்ளுக்குள் வளர்ந்து, ஒருநாள் முறியும். வாயில் சரியாகப் பூட்டாமலோ ஆட்டத்தோடோ இருந்தால் அந்தக் களைப்பு பல மடங்கு வேகமாக ஏறும். ஐந்து வருடம் அல்லது 500 மணி நேரத்தில் மாற்றிவிடுவது பரவலான விதி. செகண்ட் ஹேண்ட் செட்டில் காராபினரின் வயதை விற்பவரிடம் கேட்க வேண்டாம். புதிதாக இரண்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். நான் முதலில் செய்த செலவு அது.

ஹெல்மெட் இஎன் 966 முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். அது பறக்கும் விளையாட்டுகளுக்கான தரநிலை. சைக்கிள் ஹெல்மெட் அந்தச் சோதனைக்கு ஆளானதல்ல. ஒருமுறை பலமாக அடி வாங்கியது குப்பைக்கு. வேரியோவைப் பற்றி ஒரு வரி போதும்: ஆண்ட்ராய்டு போனில் எக்ஸ்சி ட்ராக் என்ற இலவச ஆப் உயரம், வேகம், காற்றின் திசை எல்லாம் காட்டும். ஆரம்பக்காரர் இங்கே மிச்சம்பிடித்து ரிசர்வில் செலவழிக்கலாம்.

ரிசர்வ்: திறக்காத வரை கேள்விக்குறி

ரிசர்வைப் பறந்து விமர்சிக்க முடியாது. அதன் தரத்தைத் தாளிலும் தேதியிலும்தான் பார்க்க முடியும். இஎன் 12491 தரநிலைப்படி, அதிகபட்சச் சுமையில் அது நொடிக்கு 5.5 மீட்டர் வேகத்துக்கு மேல் இறங்கக் கூடாது. கணக்குப் போட்டால் இது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பது. கால் பிசகலாம், உயிர் போகாது. ஆனால் சுமை வரம்பைத் தாண்டினால் இந்தக் கணக்கு இல்லை. ஆகவே இங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது எடைதான்.

மடித்தபடியே வருடக்கணக்கில் கிடக்கும் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லைன்களைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையங்கள் இற்றுப்போகும், அல்லது உருகிப் பிசுபிசுக்கும். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது பிரித்து, காற்றாட விட்டு, பயிற்சி பெற்றவர் கையால் திரும்ப மடிக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன ரிசர்வ், ஒருமுறைகூடத் திறக்காததாக இருந்தாலும் ஓய்வுபெற்றது. 'ஒரு தடவைகூட யூஸ் பண்ணலை' என்பது இந்தப் பொருளுக்குச் சான்றிதழ் அல்ல.

பலர் தவறவிடும் இன்னொன்று பொருத்தம். ஒரு கம்பெனி ரிசர்வ், இன்னொரு கம்பெனி ஹார்னஸ் என்று சேர்க்கும்போது கைப்பிடியை இழுத்தால் பொட்டலம் உண்மையில் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹார்னஸைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, கைப்பிடியை இழுப்பதுதான் பரிசோதனை. மேஜைமேல் வைத்து இழுத்தால் வரும். உடல் எடை அழுத்தும்போது சிக்கலாம். அதைத் தொங்கியபடிதான் தெரிந்துகொள்ள முடியும். காற்றில் இருக்கும்போது, அமைதியான நேரத்தில், கைப்பிடியைப் பார்க்காமலே ஒருமுறை தொட்டு வருவதைப் பழக்கமாக்குங்கள். சுழலில் உடல் கனக்கும்போது கை தானாகத் தேடிப்போக வேண்டிய இடம் அது.

டேக் ஆஃபுக்கு முன் ஐந்து

எத்தனை நல்ல செட்டும் ஒரு பட்டி பூட்டாததால் வீணாகும். 2024 பிப்ரவரியில் குலு பள்ளத்தாக்கில் இருவர் பறக்கும் டேண்டம் பறப்பு ஒன்றில் பயணி கீழே விழுந்து இறந்தார். பாதுகாப்புப் பட்டியைச் சரிபார்க்காததே காரணம் என்று செய்திகள் வந்தன. விங்குக்கு எதுவும் ஆகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகள் சொல்லிக்கொடுக்கும் வரிசை ஐந்து. ஒன்று, ஆள்: ஹெல்மெட், கால் பட்டிகள், மார்புப் பட்டி, காராபினர் பூட்டு, ரிசர்வ் பின். இரண்டு, லைன்கள்: சிக்கல், முடிச்சு, சுள்ளி, பிரேக்கின் சுதந்திரம். மூன்று, விங்: முன்விளிம்பு வளைவாக, வாய்கள் திறந்தபடி. நான்கு, காற்று: திசையும் வலுவும். ஐந்து, வான்வெளி: முன்னும் மேலும் யாரும் இல்லை. கால் பட்டி முதலிலேயே வருவதற்குக் காரணம் இருக்கிறது. கழற்றி மாட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் மறப்பது அதைத்தான். ஆகவே வரிசை நடுவில் தடைபட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டேண்டமில் பயணியாகப் போகிறவரும் தன் கால் பட்டியைத் தானே இழுத்துப் பார்க்கலாம்; அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மடிப்பும் வைப்பும்

இன்றைய விங்குகளின் முன்விளிம்பில் பிளாஸ்டிக் குச்சிகள் உண்டு. வாய்கள் வடிவம் மாறாமல் இருக்க. அவை வளைந்து போனால் டேக் ஆஃபே கெடும். ஆகவே பழையபடி நடுவிலிருந்து சுருட்டுவதற்குப் பதில், நீளப் பையில் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறை மேல் அறையாக விசிறி மடிப்பு. குச்சிகள் ஒன்றன் மேல் ஒன்று தட்டையாகப் படிய வேண்டும். பட்டுப்புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைப்பார்கள் அல்லவா, ஒரே கோட்டில் இழை அறக் கூடாதென்று? விங்குக்கும் அதுவே பொருந்தும். முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவது, பையின் பட்டிகளை இறுக்கிக் கட்டுவது இரண்டும் வேண்டாம்.

பறக்காத மாதங்களில் தளர்வாக, உலர்ந்த, இருட்டான, குளிர்ந்த இடம். கார் டிக்கி ஆகாது. நம் வெயிலில் அது அடுப்பு. மொட்டை மாடி அறையும் அப்படியே. கடலோர ஊரில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். மாதம் ஒருமுறை வெயில் படாத அறையில் விரித்துக் காற்றாட விடுங்கள். பெயிண்ட், பேட்டரி, பூச்சிமருந்து இருக்கும் அலமாரி வேண்டாம்.

சின்னக் கிழிசல், தையலைத் தொடாமல் சில சென்டிமீட்டர் என்றால் ஒட்டும் ரிப்ஸ்டாப் டேப் போதும். மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டினால் நிற்கும். தையல், உள்சுவர், லைன் சேரும் இடம் இவற்றில் எது தொட்டிருந்தாலும் பட்டறைக்குத்தான்.

வாங்கலாமா?

இந்தச் செட்டை நான் திரும்பவும் வாங்குவேன். புதிதாக எடுத்தால் ஐரோப்பிய விலையில் ஏ வகுப்பு விங் மட்டும் 3,000 யூரோவை ஒட்டி ஆகும். ஹார்னஸ், ரிசர்வ், இறக்குமதி வரி எல்லாம் தனி. அந்தப் பணம் இல்லாதவருக்குச் செகண்ட் ஹேண்ட் நியாயமான வழி.

பிடித்தவை: சாதுவான டேக் ஆஃப், எச்சரித்துவிட்டுச் செயல்படும் பிரேக், எப்போதும் தயாராக இருக்கும் ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் கூடவே வந்த பரிசோதனைத் தாள்.

பிடிக்காதவை: ஹார்னஸின் பருமன், எதிர்காற்றில் ஸ்பீடு பார் போட்டாலும் ஏறாத வேகம், லைன் அளக்கத் தெரிந்த பட்டறை நம் ஊர்ப் பக்கம் எளிதில் கிடைக்காதது.

யாருக்கு: பயிற்சி முடித்து, ஆசிரியர் கண்ணெதிரே தனியாகப் பறக்க ஆரம்பித்தவருக்கு. செட்டை வாங்கிவிட்டு யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு எந்த வகுப்பும் ஏற்றதல்ல.

பேரம் பேசும்போது கேட்க வேண்டியவை ஐந்தே. விங்கின் சீட்டில் உள்ள வருடமும் எடை வரம்பும் என்ன? கடைசிப் பரிசோதனைத் தாள் எங்கே? லைன் தொகுதி மாற்றியதா, பழையதா? ரிசர்வ் எந்த வருடத்தது, கடைசியாக யார் மடித்தார்? தண்ணீரில், மரத்தில், முள்ளில் விழுந்ததுண்டா? 'ரொம்பக் கம்மியாத்தான் பறந்தேன்' என்பது இந்த ஐந்தில் எதற்கும் பதிலல்ல. கொஞ்சமே பறந்து, மூன்று வருடம் ஈர அறையில் கிடந்த விங்கைவிட, நிறையப் பறந்து வருடா வருடம் அளக்கப்பட்டது மேல்.

தாள் இல்லாத செட்டுக்கு விலை பேசவே வேண்டாம். தாள் இருக்கிறதென்றால், சொன்ன விலையில் புது காராபினருக்கும் ரிசர்வ் மடிப்புக்கும் லைன் ட்ரிம்மிங்குக்கும் ஆகும் தொகையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். அந்த மூன்றையும் முடித்த பிறகுதான் விங் மலையேற வேண்டும்.